கொன்று படித்த பாடம் - திமிங்கல ஆராய்ச்சியின் கதை

திமிங்கலம் மீனா, விலங்கா? ஆறாம் வகுப்பு மாணவனைக் கேட்டாலும் "பாலூட்டி" என்று பட்டென்று சொல்லிவிடுவான். நுரையீரலால் மூச்சு விடுகிறது, குட்டி போடுகிறது, பால் கொடுக்கிறது. பாடப் புத்தகத்தில் இதற்கு அரைப் பக்கம் கூட ஆகாது. ஆனால் அந்த அரைப் பக்கத்தை எழுத மனிதர்களுக்கு இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேல் பிடித்தது. அதற்கான விலையைக் கொடுத்தது மனிதர்கள் இல்லை, திமிங்கலங்கள்!

நான் உயிரியல் மாணவன் அல்ல, வரலாறு படிக்கிறவன். அதனால் திமிங்கலம் எப்படி வாழ்கிறது என்பதைவிட, அது நமக்கு எப்படித் தெரிந்தது என்ற கேள்விதான் என்னை அதிகம் இழுத்தது. தேடிப் படித்தபோது கிடைத்தது ஒரு விசித்திரமான வரலாறு. அதைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

அரிஸ்டாட்டிலும் வாலில் ஒரு வெட்டும்

திமிங்கலம் என்ற நம் சொல்லே வடமொழியிலிருந்து வந்தது. 'திமி' என்றால் பெரிய மீன், 'கில' என்றால் விழுங்குவது. திமியையே விழுங்கும் உயிர், திமிங்கிலம். பெயர் வைத்தவர்கள் பார்த்தது அதன் அளவையும் வாயையும்தான். அது மூச்சு விடுவதைக் கவனித்து எழுதியவர் கிரேக்கத்தில் இருந்தார்.

கி.மு. 4-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த அரிஸ்டாட்டில், டால்பினும் திமிங்கலமும் காற்றைச் சுவாசிக்கின்றன, குட்டி ஈனுகின்றன, பால் கொடுக்கின்றன என்று தெளிவாக எழுதி வைத்தார். மீன்களிலிருந்து அவற்றைப் பிரித்துத் தனி வகையாகவே வைத்தார். அவர் சொன்ன இன்னொரு செய்தியை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். டால்பின் எத்தனை ஆண்டு வாழும் என்று அறிய, மீனவர்கள் சில டால்பின்களின் வாலில் ஒரு வெட்டு அடையாளம் போட்டுத் திரும்பக் கடலில் விட்டுவிடுவார்களாம். பிறகு அதே டால்பினைப் பார்க்கும்போது வயதைக் கணக்கிடலாம் அல்லவா? இருபத்தைந்து, முப்பது ஆண்டுகள் வாழ்ந்த டால்பின்கள் உண்டு என்று அவர் எழுதுகிறார்.

அடையாளம் போடு, உயிரோடு விடு, திரும்பி வரும்போது பார். எவ்வளவு எளிய, எவ்வளவு அறிவான முறை! இந்த முறைக்கு மனிதர்கள் மீண்டும் வந்து சேர 1970-கள் வரை ஆகிவிட்டது.

நீதிமன்றம் ஏறிய திமிங்கலம்

அரிஸ்டாட்டில் எழுதிவிட்டார் என்பதற்காக உலகம் கேட்டுவிடவில்லை. உயிரினங்களை வகைப்படுத்திய ஸ்வீடன் அறிஞர் லின்னேயஸ் கூட 1735-இல் வெளியிட்ட தன் முதல் பட்டியலில் திமிங்கலத்தை மீன்களோடுதான் சேர்த்திருந்தார். 1758-இல் வந்த பத்தாம் பதிப்பில்தான் அதைப் பாலூட்டிகளுக்கு மாற்றினார்.

அதற்கும் அறுபது ஆண்டுகள் கழித்து, 1818 டிசம்பர் இறுதியில், நியூயார்க் நகரில் ஒரு வழக்கு நடந்தது. விற்பனைக்கு வரும் மீன் எண்ணெயை அரசு அதிகாரி பரிசோதிக்க வேண்டும், அதற்குக் கட்டணம் கட்ட வேண்டும் என்று அந்த ஆண்டு ஒரு சட்டம் வந்திருந்தது. சாமுவேல் ஜட் என்ற வியாபாரி மூன்று பீப்பாய் திமிங்கல எண்ணெய் வாங்கியிருந்தார். பரிசோதகர் ஜேம்ஸ் மாரிஸ் கட்டணம் கேட்டார். "திமிங்கலம் மீனே அல்ல, அதனால் இது மீன் எண்ணெயும் அல்ல, கட்ட மாட்டேன்" என்றார் ஜட். விவகாரம் நடுவர் குழு முன் போனது.

அன்றைய நியூயார்க்கின் பெரிய அறிவியலாளர் சாமுவேல் மிட்சில் கூண்டில் ஏறி, திமிங்கலம் மீன் அல்ல என்று சாட்சி சொன்னார். திமிங்கல வேட்டையில் அனுபவப்பட்ட ஒரு கேப்டனும் அதே பக்கம் சாட்சி சொன்னார். அவருடைய பெயர் என்ன தெரியுமா? பிரிசர்வ்ட் ஃபிஷ்! 'காக்கப்பட்ட மீன்' என்று பொருள் தரும் பெயர் கொண்ட ஒருவர் வந்து திமிங்கலம் மீன் இல்லை என்கிறார். கதையில் எழுதினால் யாரும் நம்ப மாட்டார்கள்.

தீர்ப்பு? திமிங்கலம் மீன்தான் என்று நடுவர் குழு முடிவு செய்தது. ஜட் 75 டாலர் அபராதம் கட்ட வேண்டியதாயிற்று. அடுத்த ஆண்டே சட்டத்தைத் திருத்தி, திமிங்கல எண்ணெய்க்கு விலக்குக் கொடுத்தார்கள் என்பது வேறு கதை.

இதைப் படித்துச் சிரிக்கலாம். ஆனால் வழக்கு எதைப் பற்றியது என்று பாருங்கள். எண்ணெய். திமிங்கலம் என்ன உயிர் என்ற கேள்வியே அதன் எண்ணெய்க்கு யார் காசு கட்டுவது என்பதால்தான் எழுந்தது. அடுத்த நூற்றைம்பது ஆண்டுகளும் இதே நிலைதான்.

வேட்டைக்காரர்களே ஆசிரியர்கள்

19-ஆம் நூற்றாண்டில் திமிங்கலத்தைப் பற்றி உண்மையிலேயே தெரிந்தவர்கள் யார்? கல்லூரிப் பேராசிரியர்கள் பலர் முழுத் திமிங்கலத்தைக் கண்ணால் கூடப் பார்த்ததில்லை. அவர்களுக்குக் கிடைத்தவை கரை ஒதுங்கி அழுகிய உடல்களும் எலும்புகளும்தான். உயிரோடு இருக்கும் திமிங்கலம் எவ்வளவு நேரம் மூழ்கும், எப்படித் தூங்கும், குட்டியை எப்படிக் காக்கும் என்றெல்லாம் அறிந்தவர்கள் வேட்டைக் கப்பல்காரர்கள்.

வில்லியம் ஸ்கோர்ஸ்பி என்ற ஆங்கிலேயத் திமிங்கல வேட்டைக் கேப்டன் 1820-இல் ஆர்க்டிக் கடல்களைப் பற்றி எழுதிய நூலும், வேட்டைக் கப்பலில் மருத்துவராகப் போன தாமஸ் பீல் 1839-இல் ஸ்பெர்ம் திமிங்கலத்தைப் பற்றி எழுதிய நூலும் நெடுங்காலம் அறிவியலுக்கு அடிப்படையாக இருந்தன. வேட்டைக் கப்பல்களின் நாட்குறிப்புகளும் அப்படியே. எந்த நாளில், எந்த இடத்தில், எந்த வகைத் திமிங்கலத்தைக் கொன்றோம் என்று ஒவ்வொரு கப்பலும் எழுதி வைத்தது. சார்லஸ் டவுன்சென்ட் என்ற அமெரிக்கர் அந்தக் குறிப்புகளைத் திரட்டி, ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட திமிங்கலங்கள் பிடிபட்ட இடங்களை உலக வரைபடத்தில் புள்ளிகளாகக் குறித்து 1935-இல் வெளியிட்டார். திமிங்கலங்கள் எந்த மாதம் எந்தக் கடலில் இருந்தன என்பதை அறிய இன்றும் அதைப் பார்க்கிறார்கள். ஒவ்வொரு புள்ளியும் ஒரு சாவு.

அந்தக் காலத்துத் துடுப்புப் படகும் கை ஈட்டியும் நீலத் திமிங்கலத்திடம் பலிக்கவில்லை. அது வேகமாக ஓடும், செத்தால் மூழ்கிவிடும். நார்வேக்காரர் ஸ்வென் ஃபாய்ன், உடலுக்குள் போய் வெடிக்கும் ஈட்டியைப் பீரங்கியிலிருந்து சுடும் முறைக்கு 1870-இல் காப்புரிமை பெற்றார். நீராவிப் படகு வந்தது. செத்த உடலுக்குள் காற்றடித்து மிதக்க விடும் வித்தை வந்தது. 1904-இல் அண்டார்டிக் பக்கத்தில் உள்ள தெற்கு ஜார்ஜியா தீவின் கிரிட்விக்கனில் வேட்டை நிலையம் தொடங்கியது. 1925-இல் பின்புறம் சாய்தளம் கொண்ட ஆலைக் கப்பல் வந்தது. பிடித்த திமிங்கலத்தை நடுக்கடலிலேயே மேலே இழுத்து அறுக்கலாம், கரை தேவையில்லை. 1930-31 பருவத்தில் மட்டும் சுமார் 29,000 நீலத் திமிங்கலங்கள் கொல்லப்பட்டன. எதற்கு? சோப்புக்கும் மார்ஜரினுக்கும்!

அறுக்கும் மேடையில் ஒரு ஆய்வுக்கூடம்

இப்படியே போனால் தொழிலே அழிந்துவிடும் என்று பிரிட்டிஷ் அரசுக்குப் புரிந்தது. தொழிலைக் காப்பாற்ற அறிவியல் வேண்டும். திமிங்கல எண்ணெய் மீது விதித்த வரிப் பணத்தில் 'டிஸ்கவரி ஆய்வுகள்' என்ற பெரிய திட்டம் 1925-இல் தெற்கு ஜார்ஜியாவில் தொடங்கியது. கேப்டன் ஸ்காட் முன்பு அண்டார்டிகாவுக்குப் போன அதே டிஸ்கவரி கப்பலின் பெயர்தான் திட்டத்துக்கும்.

மக்கின்டாஷ், வீலர் என்ற இரு இளம் ஆய்வாளர்கள் திமிங்கலங்களை அறுக்கும் மேடையில் நின்றார்கள். இரத்தமும் கொழுப்பும் வழுக்கும் தரை, உறைய வைக்கும் குளிர். தொழிலாளர்கள் அறுத்துத் தள்ளுவதற்குள் நீளம் அளக்க வேண்டும், வயிற்றைத் திறந்து என்ன தின்றது என்று பார்க்க வேண்டும், கருப்பையில் குட்டி இருந்தால் அதையும் அளக்க வேண்டும். இப்படி ஆயிரத்துக்கும் மேற்பட்ட திமிங்கலங்கள்.

நம் பாடப் புத்தகத்தின் அரைப் பக்கம் பெரும்பாலும் அங்கேதான் எழுதப்பட்டது. நீலத் திமிங்கலம் கிரில் என்ற சிறு இறால் போன்ற உயிரைத் தின்று வாழ்கிறது. ஏறத்தாழ ஓராண்டு கர்ப்பம். பிறக்கும்போதே குட்டி சுமார் 7 மீட்டர். ஏழு மாதம் பால் குடிக்கிறது. இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறைதான் ஒரே ஒரு குட்டி. ஒவ்வொரு முறை சினைமுட்டை வெளிவரும்போதும் சினைப்பையில் உண்டாகும் தழும்பு வாழ்நாள் முழுவதும் மறைவதில்லை. எனவே தழும்புகளை எண்ணினால் அந்தத் தாய் எவ்வளவு வயதானவள் என்று ஊகிக்கலாம். 1955-இல் பர்வ்ஸ் என்ற ஆய்வாளர் இன்னொன்றைக் கண்டார். இவ்வகைத் திமிங்கலங்களின் காதுக்குள் மெழுகு சேர்ந்து நீண்ட அடைப்பாக வளர்கிறது. அதை நீளவாக்கில் அறுத்தால் மரத்தின் வளையங்களைப் போல வெளிறிய அடுக்கும் கருத்த அடுக்கும் மாறி மாறித் தெரியும். எண்ணினால் வயது!

திமிங்கலங்கள் எங்கே போகின்றன என்று அறிய அவர்கள் கண்ட வழிதான் என்னை மிகவும் யோசிக்க வைத்தது. எண் பொறித்த ஒரு சாண் நீள எஃகுக் குழாயைத் துப்பாக்கியில் வைத்துத் திமிங்கலத்தின் முதுகில் சுடுவார்கள். 1930-களில் மட்டும் சுமார் 5,000 திமிங்கலங்களுக்கு இப்படி அடையாளம் போட்டார்கள். குழாயைத் திருப்பி அனுப்பினால் பரிசு உண்டு. ஆனால் அது உடலுக்குள் புதைந்திருக்கிறது. திரும்பக் கிடைக்க வேண்டுமானால் அந்தத் திமிங்கலம் யாராவது கையில் சாக வேண்டும். அரிஸ்டாட்டில் காலத்து மீனவர்களின் வெட்டு அடையாளத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

தெரிந்தும் நிற்கவில்லை

சரி, இவ்வளவு தெரிந்த பிறகு வேட்டை குறைந்ததா? இல்லை என்பதுதான் இந்த வரலாற்றின் கசப்பான பகுதி.

1946-இல் வாஷிங்டனில் ஒப்பந்தம் போட்டுச் சர்வதேச திமிங்கல வேட்டை ஆணையத்தை அமைத்தார்கள். அண்டார்டிக் வேட்டைக்கு அவர்கள் வைத்த அளவுகோல் 'நீலத் திமிங்கல அலகு'. ஒரு நீலத் திமிங்கலத்துக்கு இரண்டு ஃபின் திமிங்கலம், அல்லது இரண்டரை கூன்முதுகுத் திமிங்கலம், அல்லது ஆறு செய் திமிங்கலம் சமம். ஆண்டுக்கு 16,000 அலகு வரை பிடிக்கலாம். எண்ணெய் வியாபாரிக்கு வசதியான கணக்கு. ஆனால் எந்த வகை எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்ற கேள்வியே இதில் இல்லை. எண்ணெய் அதிகம் தரும் நீலத் திமிங்கலத்தைத்தான் எந்தக் கப்பலும் முதலில் தேடும்.

1960-களின் தொடக்கத்தில் டக்ளஸ் சாப்மன், ராட்வே ஆலன், சிட்னி ஹோல்ட் என்ற மூன்று கணக்கியல் வல்லுநர்களை ஆணையம் நியமித்தது. ஜான் குல்லாண்ட் பிறகு சேர்ந்தார். 1963-இல் அவர்கள் தந்த அறிக்கை சுருக்கமாகச் சொன்னது இதுதான்: நீலத் திமிங்கலத்தையும் கூன்முதுகையும் அண்டார்டிக்கில் இனித் தொடவே கூடாது, ஒதுக்கீட்டை வெகுவாகக் குறைக்க வேண்டும். ஆணையமோ அடுத்த பருவத்துக்கு 10,000 அலகு அனுமதித்தது. "அவ்வளவு கிடைக்காது, 8,500 தான் கிடைக்கும்" என்றார்கள் வல்லுநர்கள். கப்பல்கள் கடலைச் சல்லடை போட்டுச் சலித்தன. கிடைத்தது 8,429.

கணக்கு அவ்வளவு துல்லியம். ஆனால் அதற்குள் காலம் கடந்துவிட்டது. 2004-இல் வெளியான ஒரு மதிப்பீட்டின்படி, வேட்டைக்கு முன் சுமார் 2,39,000 ஆக இருந்த அண்டார்டிக் நீலத் திமிங்கலங்கள் 1973 அளவில் சுமார் 360 ஆகக் குறைந்திருந்தன. 20-ஆம் நூற்றாண்டில் உலகம் முழுவதும் கொல்லப்பட்ட பெருந்திமிங்கலங்கள் ஏறத்தாழ 29 லட்சம்.

இதிலும் ஒரு மோசடி உண்டு. சோவியத் கப்பல்கள் தென்கோளத்தில் 2,710 கூன்முதுகுத் திமிங்கலங்களைக் கொன்றதாகக் கணக்குக் காட்டின. உண்மையில் கொன்றது 48,000-க்கும் மேல். 1959 முதல் 1961 வரை இரண்டு பருவங்களில் மட்டும் சுமார் 25,000. ஆஸ்திரேலியா, நியூசிலாந்து கரைகளில் திமிங்கலங்கள் திடீரென்று ஏன் காணாமல் போயின என்று அந்நாடுகளில் யாருக்கும் புரியவில்லை. சோவியத் யூனியன் சிதறிய பிறகு, 1993-இல் அலெக்சி யாப்லகோவ் என்ற ரஷ்ய உயிரியலாளர் உண்மையை வெளியிட்டார். அதிகாரிகளுக்குப் பயந்து உண்மைப் பதிவேடுகளை உருளைக்கிழங்கு நிலவறையில் ஒளித்து வைத்திருந்த ஆய்வாளரும் உண்டு.

நம் கடலும் தப்பவில்லை. 1963-க்கும் 1966-க்கும் இடையே வட இந்தியப் பெருங்கடலில் சோவியத் கப்பல்கள் ஆயிரத்துக்கும் மேற்பட்ட நீலத் திமிங்கலங்களைக் கொன்றன. 1966 நவம்பரில் ஓமன், பாகிஸ்தான், வடமேற்கு இந்தியக் கரைகளை ஒட்டி இருநூறுக்கும் மேற்பட்ட கூன்முதுகுத் திமிங்கலங்கள் கொல்லப்பட்டன. மற்ற கூன்முதுகுகளைப் போல இவை துருவக் கடலுக்கு வலசை போவதில்லை, ஆண்டு முழுவதும் அரபிக் கடலிலேயே வாழ்பவை என்பது அந்த உடல்களை ஆராய்ந்த குறிப்புகளிலிருந்தே தெளிவானது. ஒரு கூட்டம் தனித்தன்மை வாய்ந்தது என்று தெரிந்துகொள்வதற்குள் அந்தக் கூட்டமே கிட்டத்தட்ட முடிந்துவிட்டது.

பாட்டு வந்து கதையை மாற்றியது

இத்தனை புள்ளிவிவரங்கள் செய்யாததை ஒரு ஒலிநாடா செய்தது.

பெர்முடா தீவில் அமெரிக்கக் கடற்படைக்காகக் கடலடி ஒலிகளைக் கேட்கும் வேலையில் ஃபிராங்க் வாட்லிங்டன் என்ற பொறியாளர் இருந்தார். கடலடி ஒலிவாங்கியில் விசித்திரமான ஓலங்கள் பதிவாயின. கூன்முதுகுத் திமிங்கலங்கள்! 1960-களின் பிற்பகுதியில் அந்த நாடாக்களை ரோஜர் பெய்ன், கேட்டி பெய்ன் தம்பதியரிடம் கொடுத்தார். ரோஜர் பெய்னும் ஸ்காட் மெக்வேயும் ஒலியைக் கோடுகளாக வரைந்து ஆராய்ந்தபோது, அது வெறும் கத்தல் இல்லை என்று தெரிந்தது. ஏழு நிமிடம் முதல் அரை மணி நேரம் வரை நீளும் ஒரே வரிசை, அப்படியே மீண்டும் மீண்டும் வந்தது. அதாவது பாட்டு. 1970-இல் அது இசைத்தட்டாக வந்தது, 1971-இல் 'சயின்ஸ்' இதழில் ஆய்வுக் கட்டுரையாக வந்தது.

29,000 என்ற எண்ணைக் கேட்டு அசையாதவர்கள் இந்தப் பாட்டைக் கேட்டு அசைந்தார்கள். 1972-இல் ஸ்டாக்ஹோமில் நடந்த ஐ.நா. மாநாடு பத்தாண்டு வேட்டைத் தடை கோரியது. 1977-இல் விண்ணுக்குப் போன வாயேஜர் விண்கலங்களின் தங்கத் தட்டில் மனிதக் குரல்களோடு திமிங்கலத்தின் பாட்டும் சேர்ந்தது. 1982-இல் வணிக வேட்டையை நிறுத்த ஆணையம் வாக்களித்தது. 1985-86 பருவத்திலிருந்து தடை நடைமுறைக்கு வந்தது. பாட்டு ஒன்றே காரணம் என்று நான் சொல்லவில்லை. வேட்டையாட மிச்சமில்லாமல் போனதும், எண்ணெய்க்கு மாற்று வந்ததும் காரணங்களே. ஆனால் மக்கள் தெருவில் இறங்கியதில் பாட்டுக்குப் பெரிய பங்கு உண்டு.

அதே காலத்தில் ஆராய்ச்சி முறையும் மாறியது. கூன்முதுகின் வாலின் அடிப்பக்கத்தில் உள்ள கருப்பு வெள்ளைத் திட்டுகள் ஒன்றைப் போல் ஒன்று இருக்காது, நம் கைரேகை போல. மூழ்கும்போது வாலைத் தூக்கும் அல்லவா, அப்போது ஒரு புகைப்படம் எடுத்தால் போதும். அடுத்த ஆண்டு வேறு கடலில் அதே வால் தெரிந்தால் பயணப் பாதை கிடைத்துவிடும். 1980-களின் தொடக்கத்தில் 'டியூலிப்' என்ற சிறு பாய்மரப் படகில் ஹால் வைட்ஹெட் முதலிய ஆய்வாளர்கள் இலங்கைக் கடலுக்கு வந்தார்கள். ஒன்றையும் கொல்லாமல், ஒலிவாங்கியால் கேட்டும் புகைப்படம் எடுத்துமே ஸ்பெர்ம் திமிங்கலங்களைப் பின்தொடர முடியும் என்று காட்டினார்கள். திருகோணமலைக்கு அருகே நீலத் திமிங்கலங்களையும் கண்டார்கள்.

காதுக்குள் ஒரு நாட்குறிப்பு

பழைய காது மெழுகுக்கு இப்போது புது வேலை வந்திருக்கிறது. அருங்காட்சியகங்களில் கிடந்த மெழுகு அடைப்புகளை எடுத்து, ஒவ்வொரு அடுக்கிலும் கார்டிசால் என்ற மன அழுத்த ஹார்மோன் எவ்வளவு என்று அளந்தார்கள். 2018-இல் வெளியான அந்த ஆய்வு ஏறத்தாழ 150 ஆண்டுகளைத் தொட்டது. வேட்டை உச்சத்தில் இருந்த ஆண்டுகளில் அழுத்தமும் உச்சத்தில். இரண்டாம் உலகப் போரின்போது வேட்டை குறைந்தது, ஆனால் அழுத்தம் குறையவில்லை, கூடியது. கடலில் நடந்த சண்டையும் இரைச்சலும் காரணமாக இருக்கலாம் என்கிறார்கள். நாம் நம் வரலாற்றை எழுதிக்கொண்டிருந்தபோது திமிங்கலங்களும் அதைத் தங்கள் காதுக்குள் எழுதிக்கொண்டிருந்தன!

2007-இல் அலாஸ்காவில் பிடிபட்ட வில்தலைத் திமிங்கலம் ஒன்றின் உடலுக்குள் 19-ஆம் நூற்றாண்டு வெடி ஈட்டியின் துண்டு இருந்தது. நூறாண்டுகளுக்கு மேல் அதைச் சுமந்துகொண்டே வாழ்ந்திருக்கிறது.

இனி நம் கையில்

இந்த வரலாற்றில் நான் படித்த பாடம் ஒன்றுதான். அறிவு மட்டும் எதையும் காப்பாற்றுவதில்லை. 1963-இல் கணக்கு இருந்தது, மனம் இல்லை. அறிவியல் என்ற பெயரே வேட்டைக்கு முகமூடியாகவும் ஆனது. அண்டார்டிக்கில் ஜப்பான் ஆராய்ச்சி என்று சொல்லி நடத்திய வேட்டை, அறிவியல் ஆராய்ச்சிக்காக நடப்பதாக ஏற்க முடியாது என்று சர்வதேச நீதிமன்றம் 2014-இல் தீர்ப்பளித்தது. 2019-இல் ஜப்பான் ஆணையத்தை விட்டு விலகி, தன் கடலில் வெளிப்படையாகவே வணிக வேட்டையைத் தொடங்கியது.

ஈட்டி குறைந்தாலும் கப்பல் குறையவில்லை. இலங்கையின் தென்முனையை ஒட்டி உலகின் பெரிய சரக்குக் கப்பல் பாதை ஒன்று போகிறது. நீலத் திமிங்கலங்கள் இரை தேடுவதும் அங்கேதான். கப்பல் மோதிச் சாகின்றன. பாதையைச் சற்றுத் தெற்கே தள்ளினால் ஆபத்து வெகுவாகக் குறையும் என்று ஆய்வாளர்கள் பல ஆண்டுகளாகச் சொன்னார்கள். எம்.எஸ்.சி. என்ற பெரிய கப்பல் நிறுவனம் 2022-இல் தன் கப்பல்களைச் சுமார் 15 கடல் மைல் தெற்கே திருப்பியது. சில மைல்கள்தான். ஆனால் கணக்கைக் கேட்டு, காலம் கடக்கும் முன் நடந்த செயல் அது. 1963-இல் நடக்காதது அதுதானே?

அரிஸ்டாட்டில் காலத்து மீனவர்கள் டால்பினின் வாலில் அடையாளம் போட்டு உயிரோடு விட்டார்கள். இன்று அந்த வெட்டு கூடத் தேவையில்லை. அடையாளம் வாலிலேயே இருக்கிறது, பார்த்துவிட்டு வழி விட்டால் போதும்.

அடுத்த முறை யாராவது திமிங்கலம் மீனா விலங்கா என்று கேட்டால், பதிலோடு இந்தக் கதையையும் சேர்த்துச் சொல்லுங்கள்.